ஸ்டார் கட்டாத வீடு

கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போகிறவர்கள் மெட்ராஸிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் பெட்டியும் பிள்ளைகளுமாக விடிய விடிய இடிபட்டுப் போவார்கள். ஜெமி போகிற தூரம் அரை மணி நேரம். ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறி உட்கார்ந்து, கண்டக்டர் எல்லாருக்கும் டிக்கெட் கிழித்து முடிப்பதற்குள் ராஜபாளையம் வந்துவிடும். இந்த அரை மணி நேரத்துக்குத்தான் அவள் ஒரு மாதமாகப் பயந்துகொண்டிருந்தாள்.

மடியில் துணிப்பை. அதில் மாமனாருக்கு வேட்டி, மாமியாருக்குச் சேலை, அரைக் கிலோ பால்கோவா. தோள்பையில் நாலாக மடித்த ஒரு தாள். துணிப்பை நல்ல கனம். ஆனாலும் அவளுக்குத் தோள்தான் வலித்தது.

தாளில் இருந்தது இதுதான். ஜெபதுரை, பரிபூரணம் தம்பதியின் ஒரே மகனும் ஜெமியின் கணவருமான பென்சனை எட்டு வருஷமாகக் காணவில்லை. ஏழு வருஷத்துக்கு மேல் ஒரு ஆளைப் பற்றி அவருடைய சொந்தக்காரர்களுக்கே தகவல் இல்லையென்றால், அவர் இறந்துபோனதாகக் கோர்ட் எடுத்துக்கொள்ளும். அப்படி எடுத்துக்கொள்வதில் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று பெற்றவர்கள் கையெழுத்துப் போட வேண்டும். வக்கீலுக்கு என்ன, டைப் அடித்துக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். உங்கள் பிள்ளை செத்துப்போனான் என்று ஒப்புக்கொள்ளுங்கள் என்று பெற்றவர்களிடம் போய்ச் சொல்லப்போவது அவர் இல்லையே.

பென்சன் ஸ்பின்னிங் மில் ஃபிட்டர். எந்த ஊரில் புது மில் திறந்தாலும் மெஷின் பூட்டப் போவான். கல்யாணமாகிப் பதினாலாவது மாதம் குஜராத்துக்கு வேலை வந்தது. கூட நாலு பேர். நாக்பூர் தாண்டி ஏதோ ஒரு ஸ்டேஷனில் டீ வாங்க இறங்கினான். ரயில் நகர்ந்துவிட்டது. ஓடி வந்து பின்பெட்டியில் ஏறியிருப்பான் என்று கூட வந்தவர்கள் நினைத்தார்கள். அடுத்த ஸ்டேஷனில் பெட்டி பெட்டியாகத் தேடினார்கள். ஆள் இல்லை. அவ்வளவுதான் கதை. ஜெபதுரை மகனின் போட்டோவை எடுத்துக்கொண்டு, பாஷை தெரியாத ஊர்களில் நாலு தடவை அலைந்தார். ஆஸ்பத்திரி, போலீஸ் ஸ்டேஷன், பிணவறை எல்லாம் பார்த்தார். ஒரு செருப்பாவது கிடைத்ததா என்றால் இல்லை.

செத்திருந்தால் சொந்தபந்தம் கூடி அழுதிருக்கும். ஓடிப்போயிருந்தால் திட்டியாவது தீர்த்திருக்கலாம். ஜெமிக்கு இரண்டும் இல்லை. கழுத்தில் தாலி இருந்தது, கட்டியவன் இல்லை. துக்கம் விசாரிக்க வருகிறவர்களுக்கும் என்ன சொல்வதென்று தெரியாமல், காப்பியைக் குடித்துவிட்டு மழையைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார்கள்.

இரண்டு வருஷம் மாமியார் வீட்டில் இருந்து பார்த்தாள். பிறகு ஸ்ரீவில்லிபுத்தூரில் அண்ணன் வீட்டு மாடிக்குக் குடிவந்து, ஒரு தனியார் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கிற வேலையில் சேர்ந்தாள். ஆனால் எந்த வருஷமும் டிசம்பர் இருபத்து மூன்றாம் தேதி பஸ் ஏறத் தவறியதில்லை. புதுவருஷ ஆராதனை முடிந்துதான் திரும்புவாள். அந்த வீட்டுக்குக் கிறிஸ்துமஸ் என்றால் இந்த மூன்று பேர்தான்.

மூன்று பேர் என்று சொல்லக்கூடாது, பரிபூரணத்துக்குக் கோபம் வரும். நாலு பேர். டிசம்பர் முதல் தேதி வாசலில் கிறிஸ்துமஸ் ஸ்டார் விளக்கு ஏறிவிடும். விடிகிற வரை எரியும். "தெருவுல அம்புட்டு வீடும் மாடி ஏத்தியாச்சு. ராத்திரியில வந்து எறங்குனா புள்ளைக்கு வீடு அடையாளம் தெரிய வேண்டாமா?" என்பாள். வருஷா வருஷம் மகனுக்கு ஒரு சட்டையும் தைத்து வைத்தாள். பீரோவில் ஏழு சட்டை இருந்தது. எட்டு வருஷத்தில் அவன் தொப்பை போட்டிருப்பானா, இளைத்திருப்பானா என்று யாருக்குத் தெரியும்? எல்லாம் ஒரே அளவுதான்.

இப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் அந்தத் தாளைக் கொண்டுபோகிறாள்.

ஆஸ்பத்திரி மருந்துக்கடையில் இருக்கிற பொன்னுராஜ் அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்டு ஒன்றரை வருஷம் ஆகிறது. நெட்டை ஆள், மனைவியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். தொந்தரவு செய்கிற ரகம் இல்லை. "அவங்ககிட்ட நீங்களே சொல்லணும். நான் காத்துக்கிட்டுதான் இருப்பேன்" என்பதோடு நிறுத்திக்கொள்வார். ஜெமிக்குப் பிடித்திருந்தது. பிடித்திருக்கிறதே என்று கோபமாகவும் இருந்தது. கோர்ட் தீர்ப்பு இல்லாமல் சபையில் கல்யாணம் நடத்த மாட்டார்கள். கையெழுத்து இல்லாமல் கோர்ட்டில் இழுத்தடிக்கும். ஆக எல்லாம் சுற்றிச் சுற்றி அந்த வீட்டு வாசலில்தான் வந்து நின்றது.

பஸ்ஸை விட்டு இறங்கி ஆட்டோ பிடித்தாள். மணி நாலு. தெருவுக்குள் திரும்பியதும் வழக்கம்போல வலது பக்கம் ஏழாவது வீட்டைப் பார்த்தாள். வாசலில் ஸ்டார் இல்லை.

அந்தப் பக்கத்துச் சபைகளில் இது யாரும் எழுதி வைக்காத சட்டம். வருஷத்துக்குள் சாவு விழுந்த வீட்டில் ஸ்டார் கட்டமாட்டார்கள். பலகாரம் சுடமாட்டார்கள், புதுத்துணி உடுத்தமாட்டார்கள். அக்கம்பக்கத்தார்தான் பலகாரம் கொண்டுவந்து கொடுப்பார்கள். வீடு வீடாகக் கேரல் பாட வருகிறவர்கள் ஸ்டார் இல்லாத வாசலைக் கண்டால் தெருவிலேயே டிரம்மை நிறுத்திவிட்டு, சத்தமில்லாமல் ஒரே ஒரு பாட்டுப் பாடி, ஜெபம் பண்ணிவிட்டுப் போவார்கள்.

இரண்டு பேரில் யார் என்றுதான் ஜெமியின் மனசு முதலில் கேட்டது. எனக்குச் சொல்லாமலா? நேற்று ராத்திரிகூட அத்தை போனில் பேசினாளே. ஆட்டோவிலிருந்து பாதி இறங்கும்போதே ஜெபதுரை தென்பட்டார். பழைய சட்டையோடு, குழாயடியில் குடம் நிறையக் காத்துக்கொண்டு நின்றார். உள்ளே பரிபூரணம் முறத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"வந்துட்டியா? மொகத்தக் கழுவு. காப்பி போடுதேன்."

குரலில் ஒரு மாற்றமும் இல்லை. ஜெமிக்கு மூச்சு வந்தது. ஆனால் வீட்டில் எண்ணெய் காய்கிற வாசனை இல்லை. மற்ற வருஷம் இந்நேரம் முறுக்கும் அச்சுமுறுக்கும் இரண்டு டின் நிறைந்திருக்கும். முடியவில்லை போலிருக்கிறது, அத்தைக்கு இடுப்பு வலி, மாமாவுக்கு ஸ்டூலில் ஏறத் தலை சுற்றும் என்று அவளே ஒரு பதிலைக் கண்டுபிடித்துத் திருப்திப்பட்டுக்கொண்டாள். எட்டு வருஷமாகச் சாவு என்கிற வார்த்தையை அந்த வீட்டுக்குள் நினைக்காமல் பழகியவளுக்கு அதற்கு மேல் யோசனை போகவில்லை.

அலமாரியில் பால்கோவா அட்டைப்பெட்டி ஒன்று இருந்தது. அதில் ஊசி, நூல், பட்டன் எல்லாம் போட்டு வைத்திருந்தாள் பரிபூரணம். ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடைப் பெட்டி. நவம்பர் இருபத்தேழு என்று தேதி குத்தியிருந்தது.

"மாமா வில்லிபுத்தூர் வந்தாவளா அத்த?"

"வந்தாவ."

"வீட்டுக்கு வரலியே?"

"அவியகிட்ட கேளு" என்றாள் பரிபூரணம், கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஜெமிக்குச் சுருக்கென்றது. ஊர் வரைக்கும் வந்துவிட்டு எட்டிப் பார்க்காமல் போயிருக்கிறார். நான் என்ன அந்நியமா? கேட்க வாய் வராமல் வாசலுக்கு வந்தாள். எதிர்வீட்டு வெங்கடேஸ்வரி துணி எடுத்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குள் தெலுங்கும் தெருவில் தமிழுமாகப் பேசுகிறவள்.

"ஜெமி, என்ன இந்த வருசம் உங்க வீட்ல ஸ்டார் போடல? டிசம்பர்னா உங்க வெளிச்சத்துலதான் நாங்க செருப்பே தேடுவோம். வாசல் இருட்டாக் கெடக்கு."

"இதோ போட்டுடுவோம் அக்கா" என்று சொல்லிவிட்டு ஜெமி கடைத்தெருவுக்கு நடந்தாள்.

பஞ்சு மார்க்கெட் பக்கம் ஒரு கடை வாசலில் கலர் கலராக ஸ்டார்கள் தொங்கின. பென்சனுக்குச் சிவப்புத்தான் பிடிக்கும், பேப்பர் ஸ்டார், உள்ளே குண்டு பல்பு. அதையே வாங்கினாள். வாங்கிக் கையில் பிடித்ததும்தான் உறைத்தது. இதைக் கொண்டுபோய் வாசலில் கட்டிவிட்டு, பிறகு எந்த முகத்தோடு அந்தத் தாளை எடுத்து நீட்டுவது? அவன் வருவான் என்று விளக்குப் போட்டுவிட்டு, அவன் வரமாட்டான் என்று கையெழுத்துக் கேட்பதா?

தெருவோரமாகக் கொஞ்ச நேரம் நின்றாள். கேட்க வேண்டாம் என்று முடிவெடுத்தாள். இந்த வருஷம் வேண்டாம். ஸ்டார்கூடக் கட்ட முடியாமல் தளர்ந்துபோய்விட்டார்கள், இவர்களிடம் போயா கேட்பது? பொன்னுராஜ் இன்னும் ஒரு வருஷம் காத்திருக்கட்டும். முடியாதென்றால் போகட்டும். முடிவெடுத்ததும் நெஞ்சு லேசாகிவிடும் என்று நினைத்தாள். ஆகவில்லை. தனக்கு முப்பத்து நாலு வயசு என்பதுதான் ஞாபகத்துக்கு வந்தது.

வீட்டுக்கு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். வாசல் கொக்கி துருப்பிடித்து அங்கேயே இருந்தது. வயரைக் கோத்துக்கொண்டிருக்கும்போது ஜெபதுரை உள்ளிருந்து வந்தார்.

"எறங்கும்மா."

"நீங்க ஸ்டூல மட்டும் பிடிச்சிக்கிடுங்க மாமா. ஒரு நிமிசம்."

"எறங்குன்னு சொல்லுதேன்ல."

அவர் சத்தம் போட்டு அவள் கேட்டதில்லை. இறங்கினாள். ஜெபதுரை ஸ்டாரை வாங்கிப் பதமாக மடக்கி நாற்காலியில் வைத்துவிட்டு, வாசல்படியில் உட்கார்ந்தார்.

"போன மாசம் வில்லிபுத்தூர் வந்தேன். உங்க அத்தை உனக்குச் சேலை எடுத்துட்டு, தைக்க உன் அளவு ஜாக்கெட் வாங்கிட்டு வரச் சொன்னா. நேரா ஆஸ்பத்திரிக்கு வந்தேன். கேட்டுல நிக்கும்போதே நீ தெரிஞ்ச. மருந்துக்கடை முன்னால நின்னு அந்த உயரமான பையன்கூடப் பேசிக்கிட்டு இருந்த. அவன் என்னமோ சொன்னான். நீ சிரிச்ச."

ஜெமிக்கு முகம் எரிந்தது. "மாமா, அது வந்து..."

"நான் தப்பாச் சொல்லல தாயி. எட்டு வருசமா உன்னப் பாக்கேன். இங்கயும் நீ சிரிப்ப, எங்க மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு சிரிப்ப. அன்னைக்கு நீ உனக்காகச் சிரிச்ச. கூப்பிடத்தான் வாயத் தொறந்தேன். கூப்பிட்டா அந்தச் சிரிப்பு போயிரும்னு தோணுச்சு. அப்படியே திரும்பிட்டேன். வெறுங்கையோட வந்தா இவ கேப்பான்னு பால்கோவா வாங்கிட்டு வந்தேன்."

பரிபூரணம் நிலைப்படியில் வந்து நின்றாள். கையில் இன்னும் கீரைத்தண்டு.

"இவிய வந்து சொன்னாவ. எனக்குக் கோவம்னா கோவம். பொய் சொல்ல மாட்டேன், உன்ன வஞ்சேன். இவியகூட ரெண்டு நாளு பேசல. பொறவு ஒண்ணாந்தேதி வந்துச்சு. ஸ்டார எடுத்துத் தொடச்சுக் கொக்கி வரைக்கும் கொண்டு போயிட்டேன். இது தொங்குனா எம்மவன் வருவான்னுதான அர்த்தம்? அவன் வருவான்னு நான் சொல்லிக்கிட்டு இருந்தா, நீ எப்படிட்டி போவ?"

"நான் எங்கயும் போகல அத்த. அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

"நீ இப்படித்தான் சொல்லுவன்னு எனக்குத் தெரியும். அதான் உன்னக் கேக்காமயே கட்டாம விட்டேன்."

ஜெமி எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்ததில் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். இவர்களுக்காகத் தான் விட்டுக்கொடுத்துவிட்டு வந்ததாக அரை மணி நேரத்துக்கு முன்னால்தான் நினைத்திருந்தாள். அவர்கள் மூன்று வாரத்துக்கு முன்பே விட்டுக்கொடுத்துவிட்டு, வாசலை இருட்டாக வைத்துக்கொண்டு அவளுக்காகக் காத்திருந்திருக்கிறார்கள்.

"சபையில யாருட்டயும் சொல்லல" என்றார் ஜெபதுரை. "இன்னைக்கு நம்ம தெருவுக்குக் கேரல். வந்தா அவங்களே பாத்துத் தெரிஞ்சுக்கிடுவாங்க. உன்ன வச்சிக்கிட்டுச் சொல்லணும்னு இருந்தோம்."

ஆறரை மணிக்குக் கேரல் கோஷ்டி வந்தது. டிரம்மும் கீபோர்டும் தெருமுனையிலேயே கேட்டன. முன்னால் கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் போட்டவன் மிட்டாயை வீசி ஆடிக்கொண்டு வந்தான். முதல் வீடு, மூன்றாம் வீடு, ஐந்தாம் வீடு. ஒவ்வொரு வீட்டிலும் பாட்டு, கைதட்டல், முறுக்குத் தட்டு. ஜெமியும் மாமனாரும் மாமியாரும் வாசலில் நின்றார்கள். ஆடி வந்தவன் ஏழாவது வீட்டைப் பார்த்ததும் நின்றான். பின்னால் கையைக் காட்டினான். டிரம் நின்றது. அவன் முகமூடியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். உள்ளே இருந்தது பாண்டி, பென்சனோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். சபையில் இல்லாதவன்தான், வருஷா வருஷம் ஆடுவதற்கென்றே வருவான். அவனும் அந்தத் தெருவில் வளர்ந்தவன், அவனுக்கும் தெரியும்.

சபைச் செயலாளர் முன்னால் வந்தார். மூன்று பேரையும் எண்ணிப் பார்த்தார். மூன்று பேரும் இருந்தார்கள்.

"அண்ணாச்சி, யாரு? ஊர்ப்பக்கம் ஏதும்..."

"எம்மவன்" என்றார் ஜெபதுரை.

செயலாளர் ஒரு படி ஏறி வந்தார். "தகவல் வந்துச்சா அண்ணாச்சி?"

"வரல்ல."

புரிந்ததும் செயலாளர் தலை குனிந்தார். ஒரே ஒரு பாட்டு, டிரம் இல்லாமல், கீபோர்டு இல்லாமல் பாடினார்கள். பாண்டிக்கு வார்த்தை தெரியாது, சும்மா நின்றான். சிவப்பு உடுப்போடு அவன் அழுதது பார்க்கச் சகிக்கவில்லை. ஜெபம் முடிந்தது. செயலாளர் சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்தார். வருஷக் கடைசி ஆராதனையில், அந்த வருஷம் இறந்துபோனவர்களின் பெயரை வாசிப்பது சபை வழக்கம். பெயர் எழுதினார். அடுத்த கட்டத்தில் பேனா நின்றது.

"தேதி போடணும் அண்ணாச்சி. என்னைக்குன்னு...?"

ஜெபதுரை நாலு தடவை ரயிலேறித் தேடியது அந்த ஒரு தேதியைத்தான்.

"இன்னைக்குன்னு எழுதிக்கிடுங்க" என்றாள் பரிபூரணம். "இம்புட்டு நாளும் அவன் எனக்கு உசுரோடதான் இருந்தான். இன்னைக்குத்தான்."

செயலாளர் டிசம்பர் இருபத்து மூன்று என்று எழுதினார். கீழே, தகப்பன் ஜெபதுரை, தாய் பரிபூரணம், மனைவி ஜெமி என்று சொல்லிக்கொண்டே எழுதினார். மனைவி என்ற சொல்லைக் கேட்டதும் ஜெமிக்கு உள்ளே ஏதோ அறுந்தது. பாட வந்த பெண்கள் படியேறி அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். எட்டு வருஷம் பிந்திய துக்கம். யாரோ ஒருத்தி அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். ஜெமி வாய்விட்டு அழுதாள். டீ வாங்க இறங்கினவனுக்காக, பதினாலு மாதத்துக்காக, பீரோவில் இருக்கிற ஏழு சட்டைக்காக அழுதாள். புருஷனுக்காக மற்றவர்கள் முன்னால் அழ அவளுக்கு அன்றைக்குத்தான் வழி கிடைத்தது.

கோஷ்டி போனது. எட்டாவது, ஒன்பதாவது வீடுகளிலும் அவர்கள் டிரம்மைத் தொடவில்லை. அடுத்த தெருவுக்குத் திரும்பிய பிறகுதான் சத்தம் கேட்டது.

உள்ளே வந்து ஜெபதுரை கண்ணாடியை எடுத்து மாட்டினார். "ஒரு வக்கீல்ட்ட விசாரிச்சேன். ஏதோ கையெழுத்து கேப்பாங்களாமே கோர்ட்டுல. கொண்டு வந்துருப்ப. எடு."

ஜெமி தோள்பையைத் திறந்து தாளை எடுத்துக் கொடுத்தாள். அவர் முழுதும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பரிபூரணம் படிக்கவில்லை. தன் பெயரை மட்டும் எழுத்தெழுத்தாக எழுதிவிட்டுப் பேனாவை மூடினாள். பிறகு நாற்காலியில் கிடந்த ஸ்டாரை எடுத்து ஜெமியின் துணிப்பையில் வைத்தாள்.

"அடுத்த டிசம்பருக்கு உன் வீட்டு வாசல்ல கட்டு. அந்தப் பையனக் கட்டச் சொல்லு, நீ ஸ்டூல்ல ஏறாத."

ஸ்டாரை வைத்த கை பால்கோவாப் பெட்டியை வெளியே எடுத்தது. அவளே பிரித்தாள். ஜெமிக்குத் தூக்கிவாரிப்போட்டது. துக்க வீட்டுக்கு வெளியாட்கள்தானே இனிப்புக் கொண்டுவருவார்கள். வீட்டு ஆள் கொண்டுவருகிற வழக்கம் இல்லையே.

"அத்த, தெரியாமக் கொண்டு வந்துட்டேன். அப்ப நான் இந்த வீட்டுக்கு வெளி ஆளாயிட்டேனா?"

பரிபூரணம் கொஞ்சம் கிள்ளி எடுத்து அவள் வாயருகே கொண்டுவந்தாள்.

"இன்னைக்கு இல்லட்டி" என்றாள். "இன்னைக்கு நீ எம்மவன் பொண்டாட்டி. வாயத் தொற."